பஞ்சுவின் இடது கால்

நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, விரல்களுக்கிடையே ஒரு முறுக்கு முறுக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பஞ்சு ஊசியை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார். அந்த நேரத்தில் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திக்கொள்கிறார். பக்கத்தில் அவருடைய பெரிய பழைய வண்டி, பானெட்டைத் திறந்துபோட்டு, எஞ்சின் ஓடியபடி, உடம்பெல்லாம் நடுங்க நின்றுகொண்டிருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்து கோர்த்தால் ஊசியும் சேர்ந்து நடுங்கும். அதனால் இறங்கி வந்து ரோட்டோரத் தடுப்புச் சுவரில் சாய்ந்துகொள்கிறார். நூல் ஊசிக் காதுக்குள் நுழைந்ததும், "வந்துட்டியா, வா வா" என்று அதை மறுபக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியாக மனைவியிடம் நீட்டுகிறார். அந்த அம்மாள் வாங்கித் தன் தலைக்கு மேலே மடங்கியிருக்கும் வெயில் மறைப்பில் குத்தி வைக்கிறார். அங்கே ஏற்கெனவே வெள்ளையும் நீலமுமாக நூல் வால்கள் தொங்குகின்றன.

"விளக்கு அணைஞ்சுதா?"

"எங்க? இன்னும் மொறைச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப இன்னொரு ஊசி குடு."

முறைக்கிற விளக்கு டாஷ்போர்டின் மூலையில் இருக்கிறது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் அளவு மீறிச் சூடானால் அது எரியும். எரிந்தால் வண்டியை ஓரம் கட்டியே தீரவேண்டும். வீம்புக்கு ஓட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கருகி, வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்கக்கூடாது, நியூட்ரலில் போட்டு ஓடவிட்டால்தான் ஆயில் சுற்றிச் சுற்றி வந்து ஆறும் என்பது மெக்கானிக் சொல்லிக் கொடுத்த பாடம். அதற்கு முன்னால் இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போடுவது போல பானெட்டின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

மலைப்பாதையில் இந்த இடத்துக்குக் குழாய் வளைவு என்று பெயர். சரிவில் ஒரு துருப்பிடித்த தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அவ்வளவுதான் அதன் பெருமை. பாதை முடியும் உச்சியில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. அங்கே தையல் அறை முழுக்க அந்த அம்மாளின் பொறுப்பு. படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் அவர் கையில்தான் என்றாலும் பிள்ளைகள் ஓடி வருவது சட்டைப் பொத்தானுக்குத்தான். அதனால் பள்ளியில் அவருக்குப் பெயர் பட்டன் அம்மா. தையல் மெஷினில் புயலாகப் போவார். ஊசிக் காது மட்டும் எந்தக் கண்ணாடி போட்டாலும் அவருக்குப் பிடி கொடுப்பதில்லை. ஆகவே அந்த வேலை ரிட்டயரான கணவருக்கு வந்து சேர்ந்தது.

கணவரின் உண்மைப் பெயர் பஞ்சு அல்ல. அது அவர் பஸ் ஓட்டிய காலத்தில் கூட இருந்த கண்டக்டர் வைத்தது. மற்றவர்கள் பிரேக் போட்டால் நிற்கிற ஜனம் ஒருவர் மேல் ஒருவர் சாயும், கண்டக்டர் வாயில் நல்ல வார்த்தை வராது. இவர் பஸ் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பது ஜன்னலில் பார்த்தால்தான் தெரியும். "எங்க அண்ணன் பஸ்ல நின்னுக்கிட்டே சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம், தெரியுமா?" என்று கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டு உச்சி குளிராத நாள் பஞ்சுவுக்குக் கிடையாது.

பட்டன் அம்மா மட்டும் இந்தப் பெருமையை நம்பியதே இல்லை. "நான் எங்க கண்டேன்? தைச்சுப் பார்த்தவங்களைக் கேளுங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். உண்மையில் அவருக்குக் காண வாய்ப்பே இருந்ததில்லை. பஞ்சு ஓட்டியதெல்லாம் வெளியூர் வண்டி. வீடு தூங்கும்போது கிளம்புவார், வீடு தூங்கும்போது திரும்புவார். இந்தப் பக்கம் தையல் மெஷினும் மகளுமாக ஒரு தனிக் குடும்பம் நடந்தது. சேர்ந்தாற்போல் உட்கார்ந்து எங்காவது போனோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது காலையில் ஏறும்போது அரை மணி, சாயங்காலம் இறங்கும்போது அரை மணி. அந்த அரை மணிக்காகத்தான் பஞ்சு தினமும் சவரம் செய்துகொள்கிறார். வேறு யாரும் அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

வண்டி மகள் கொடுத்தது. அவள் புதிதாகச் சின்னக் கார் வாங்கிக்கொண்டு, பல காலம் உழைத்த எஸ்யூவியை அப்பா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள். "கிளட்ச்சே கிடையாதுப்பா. கியரை அதுவே மாத்திக்கும். கொழந்தைகூட ஓட்டலாம்" என்று சாவியைக் கையில் வைத்தாள். மகள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் குழந்தை என்ற சொல் பஞ்சுவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவரைவிட அவருடைய இடது காலுக்குத்தான் அதிக வருத்தம். அந்தக் கால் ஆயுசு முழுக்கக் கிளட்ச்சை மிதித்த கால். இப்போது போட்டது போட்டபடி கிட என்றால் கேட்குமா? டிவியில் ஒரு லாரி மேடு ஏறினால் போதும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுவின் இடது கால் தரையை மிதிக்கும். "வேலை போன ஆளை வீட்ல வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று பட்டன் அம்மா அதைக் கேலி செய்வார்.

வண்டி வந்த முதல் வாரத்தில் அந்தக் கேலி நின்றது. ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பழகிய டிரைவரின் உடம்பு யோசித்துக்கொண்டிருக்காது. இரண்டு காலும் ஒன்றாக இறங்கின. வலது கால் பிரேக்குக்குப் போனது, இடது கால் இல்லாத கிளட்ச்சுக்குப் போனது. அந்த இடத்தில் இருந்ததோ அகலமான பிரேக் பெடலின் மறுபாதி. வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. நாய் பிழைத்தது. பெல்ட் போடாமல் மடியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பட்டன் அம்மாவின் நெற்றி முன்னால் போய் மோதியது. புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். "ஊருக்கெல்லாம் நான் தைச்சேன், எனக்கு ஒருத்தர் தைச்சுவிட்டார்" என்று அவர் ஆஸ்பத்திரியிலேயே சிரித்தார். பஞ்சுவால் சிரிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பட்டன் அம்மா பெல்ட் போடாமல் உட்காருவதில்லை. சட்டைப் பை மடியிலிருந்து பின் சீட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது கை கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும். அதன் ஸ்பிரிங் உடைந்திருந்ததால் பற்றும்போதெல்லாம் கிரீச் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் பஞ்சு இன்னும் மெதுவாக ஓட்டுவார். சைக்கிள்காரர்கள் இவரைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு.

விளக்கு எரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மெக்கானிக் பழைய ஆயிலை வடித்தார். பார்த்தால் கரி கரைத்த தண்ணீராக இருந்தது. புது ஆயில் ஊற்றினார், ஃபில்டரை மாற்றினார், ஆயிலை ஆறவைக்கத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டரை முன்னால் பொருத்தினார். மலைப்பாதையில் கியரை 'எல்' என்ற தாழ்ந்த கியரில் வைத்து ஏறச் சொன்னார். எதற்கும் அந்த விளக்கு மசியவில்லை. பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினார். மலையில் ஓடும் வண்டிக்கு அது சகஜம் என்று அவருக்கும் அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

இதற்கிடையில் பஞ்சுவுக்கு உலகத்தின் மேலும் கொஞ்சம் மனத்தாங்கல். மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். "அவசரக்காரங்க" என்று கையை வெளியே நீட்டி அவர்களுக்கு வழிவிட்டார். ஒரு பைக்காரன் பக்கத்தில் வந்து, "பெரியவரே, லைட்டு! லைட்டு!" என்று கத்திவிட்டுப் போனான். பஞ்சு முன் விளக்கின் சுவிட்சைத் தடவிப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. "வயசானவங்களைக் கண்டா எல்லாருக்கும் எளக்காரமாப் போச்சு" என்று முணுமுணுத்தார்.

குழாய் வளைவில் நிற்பது அவர்களுக்கு ஒரு கஷ்டமாகவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி கோர்ப்பார்கள், ஃபிளாஸ்க் டீயை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஆனால் பட்டன் அம்மா வேலைக்குத் தாமதமாகப் போவது வழக்கமாகிவிட்டது. விடுதி வார்டன் ஒருநாள் மகளுக்கே போன் செய்தார். பள்ளி ஊழியர்களின் வேன் உங்கள் அம்மா வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் வருகிறது, அதில் வரலாமே என்றார். அந்த வாரமே மகள் முடிவு சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து அம்மா வேன்ல போகட்டும்ப்பா. வண்டியை வித்துடலாம். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்று போனை வைத்தார் பஞ்சு. அலைச்சலாம்! அவருக்கு இருப்பதே அந்த அலைச்சல் ஒன்றுதான். நேராக மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். "தம்பி, என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த விளக்கு எரியாமப் பண்ணிடு."

மெக்கானிக் தானே வண்டியை எடுத்துக்கொண்டு உச்சிவரை போய் வந்தார். விளக்கு எரியவில்லை. பஞ்சுவை ஓட்டச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்து போனார். அப்போதும் எரியவில்லை. மறுநாள் காலையில் பட்டன் அம்மா ஏறி உட்கார்ந்ததும் குழாய் வளைவில் சமர்த்தாக எரிந்தது.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டிக்கு அண்ணியைப் பிடிக்கலை போல" என்றார் மெக்கானிக்.

விஷயம் பட்டன் அம்மாவின் காதுக்கு வந்தபோது அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன், என் கனம்தான் அதுக்குத் தாங்கலையாமா? பிள்ளைங்க சட்டையெல்லாம் சேர்த்தாலும் அவன் தொந்தி அளவுக்கு வராது!"

மெக்கானிக்குக்கும் ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் பைக்கில் பின்தொடர்ந்தார். எங்காவது ஆயில் ஒழுகுகிறதா, புகை வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் எண்ணம். குழாய் வளைவில் வண்டி ஓரம் கட்டி, பஞ்சு நூலை உதட்டில் வைக்கும் நேரத்தில் வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அண்ணே, அடிவாரத்துலேர்ந்து இங்க வரைக்கும் உங்க பின்னால சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே வருது."

"எந்த லைட்டு?"

"பிரேக் லைட்டு. மேட்டுல யாராவது பிரேக் பிடிச்சுக்கிட்டு ஏறுவாங்களா?"

"நான் எங்கப்பா பிடிச்சேன்? வலது காலு ஆக்ஸிலேட்டரை விட்டு அசையவே இல்லை."

"வலது காலைப் பத்தி நான் கேக்கவே இல்லைண்ணே."

விளக்கு அணைந்த பிறகு மெக்கானிக் பின் சீட்டில் ஏறி, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியது. அடுத்த வளைவு வந்தது. கைப்பிடி கிரீச் என்றது. "அப்படியே நிறுத்துங்க. இடது காலை எடுக்காம கீழ பாருங்க" என்றார் மெக்கானிக்.

பஞ்சு குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால், பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல, பிரேக் பெடலின் மேல் சர்வ சுதந்திரமாக உட்கார்ந்திருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. ஓங்கி மிதிக்கவில்லை, மெத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. பஞ்சு என்று பெயர் வாங்கிக் கொடுத்த அதே பதம்.

"ஒரு பக்கம் எஞ்சின் இழுக்குது, இன்னொரு பக்கம் நீங்க பிடிச்சு வெக்கறீங்க. நடுவுல மாட்டிக்கிட்டு கியர் பாக்ஸ் வேகுது" என்றார் மெக்கானிக். "சரி, அண்ணி இருந்தா மட்டும் ஏன் இப்படின்னுதான் புரியலை."

பட்டன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் தலையை உயர்த்தித் தன் இடது கையைப் பார்த்தார். அது இன்னும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தது. "இது கத்தினா அது இறங்குது" என்றார் மெதுவாக.

மெக்கானிக் அதற்குமேல் அங்கே இருக்க விரும்பவில்லை. இறங்கி, ஜன்னலில் கை வைத்து, "பொண்ணு கேட்டா கியர் பாக்ஸ் சரியாயிடுச்சுன்னு சொல்லிடறேன். காலை மட்டும் சீட்டுக்கு அடியில மடக்கி வெச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பைக் நிற்கும் வளைவுக்குக் கீழே நடந்தே போனார்.

மடக்கி வைத்துப் பார்த்தார் பஞ்சு. அன்று சாயங்காலம் இறங்கும்போது இரண்டு வளைவுகள் வரை கால் அடங்கி இருந்தது. மூன்றாவதில் கைப்பிடி கத்தியது, கால் தானாகப் புறப்பட்டுப் போனது. தெரியாமல் செய்தவரை ஒரு நிம்மதி இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "திங்கக்கிழமையிலேர்ந்து நீ வேன்லயே போ."

"வண்டி நல்லாயிருக்குன்னு ஆயிடுச்சே."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. என் காலுதான் எனக்கு அடங்க மாட்டேங்குது. இன்னிக்கு மெத்துனு அழுத்துது. நாளைக்கு எது குறுக்க வந்து எப்படி மிதிக்குமோ? ஒரு தரம் உன் நெத்தியை உடைச்சது பத்தாதா?"

"நான் வேணா பிடிக்காம வர்றேன்."

"பயப்படாதேன்னா பயம் கேக்குமா? பிடிச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வேன்ல பிடிச்சுக்கோ."

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவப் போனார். எத்தனையோ பேரை ஆடாமல் அசையாமல் கொண்டுபோய் இறக்கிய மனிதர். தன் வீட்டுக்காரியை மட்டும் ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு வரும்படி ஆக்கிவிட்டோமே என்பது அவர் துக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பஞ்சு வீட்டிலேயே மேஜையில் உட்கார்ந்து, இருந்த ஊசிக்கெல்லாம் நூல் கோர்த்தார். நடுங்குவதற்கு எதுவும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. எல்லாவற்றையும் வெயில் மறைப்பில் நெருக்கமாகக் குத்திவைத்து, "சாயங்காலம் மறக்காம எடுத்து வெச்சுக்கோ. வேன்ல யாரும் கோர்த்துக் குடுக்க மாட்டாங்க" என்றார். சவரமும் செய்திருந்தார்.

பட்டன் அம்மா வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். சட்டைப் பையைப் பின் சீட்டில் வைக்க பஞ்சு கை நீட்டினார். அவர் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அடிவாரம் வந்தது. பஞ்சு இடது காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதல் வளைவில் பட்டன் அம்மாவின் கை உயர்ந்தது. கைப்பிடிக்குப் போகாமல் வெயில் மறைப்புக்குப் போய் ஒரு ஊசியை உருவியது. மடியில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை விரிந்தது. பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஊசியைக் குத்தி மேலே இழுத்தார்.

"ஏய், என்ன பண்றே? குத்திக்கப் போறே!"

"பேசாம ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. நின்னுக்கிட்டே தைக்கலாமாமே? நான் உக்காந்துக்கிட்டுத்தானே தைக்கிறேன்."

பஞ்சு ஸ்டியரிங்கை முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வளைவு வந்தது, போனது. நூல் உள்ளே போய் வெளியே வந்தது. பின்னால் ஒரு கார் நெருங்கி, ஹாரன் அடிக்காமல், லைட்டைக் காட்டாமல், இடம் கிடைத்ததும் தாண்டிப் போனது. சீட்டுக்கு அடியில் இருந்த கால் தூங்குகிற மாதிரி கிடந்தது. டாஷ்போர்டின் மூலையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வழியாகப் பார்த்தபோது அங்கே இருட்டாக இருந்தது, குழாய் வளைவும் தாண்டிப் போயிருந்தது.

பட்டன் அம்மா இதையெல்லாம் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முடிச்சைப் போட்டு, தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். வண்டி அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் உடைந்த கைப்பிடி காதோரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்க, அவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையை உயர்த்தி அடுத்த ஊசியை உருவினார்.